உடைக்கும் உரிமை

2022 ஆகஸ்ட் 7 காலை 9.18 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு புதிய ராக்கெட் கிளம்பியது. எஸ்.எஸ்.எல்.வி. என்ற சிறிய ரக ராக்கெட்டுக்கு அதுதான் முதல் பயணம். அது சுமந்துபோன இரண்டு செயற்கைக்கோள்களில் சின்னதற்கு ஆசாதிசாட் என்று பெயர். எடை 8 கிலோ. அதற்குள் 75 சிறு கருவிகள் இருந்தன, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 கிராம். பல மாநிலங்களிலிருந்து 75 பள்ளிகள், பள்ளிக்குப் பத்து மாணவிகள், ஆக 750 பெண்பிள்ளைகளின் கைபட்ட கருவிகள் அவை. சென்னையைச் சேர்ந்த ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா இந்த வேலையை ஒருங்கிணைத்தது. சுதந்திரத்தின் 75ஆம் ஆண்டு என்பதால் எதை எடுத்தாலும் 75.

அந்தப் பள்ளிகளில் ஒன்று எங்கள் பக்கத்தில் இருக்கிறது: திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. நான் குடியிருப்பது பசுமலை. பெரியார் பஸ் நிலையத்திலிருந்து திருமங்கலம் போகிற டவுன் பஸ் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகும். அதனால் எங்களுக்கு அந்தப் பத்துப் பிள்ளைகள் செய்தித்தாள் பிள்ளைகள் இல்லை, பஸ்ஸில் பார்க்கிற பிள்ளைகள்.

ராக்கெட்டின் மூன்று திட எரிபொருள் அடுக்குகளும் ஒழுங்காக எரிந்தன. ஆனால் செயற்கைக்கோள்கள் போய்ச் சேரவேண்டிய இடம் 356 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு வட்டப்பாதை. போய்ச் சேர்ந்ததோ ஒரு பக்கம் 356 கிலோமீட்டரும் மறுபக்கம் வெறும் 76 கிலோமீட்டரும் உள்ள நீள்வட்டப்பாதை. 76 கிலோமீட்டரில் காற்று இருக்கிறது. அங்கே எதுவும் சுற்றிக்கொண்டிருக்க முடியாது, விழுந்துவிடும். இரண்டு செயற்கைக்கோள்களும் இனிப் பயன்படாது என்று இஸ்ரோ அன்றே அறிவித்தது.

முதல் நாள்வரை "விண்ணைத் தொடும் மாணவிகள்" என்று எழுதிய ஊடகங்கள் மறுநாள் ராக்கெட்டைப் பற்றி மட்டும் எழுதின. பிள்ளைகளைப் பற்றிப் பேச்சில்லை. அந்த மௌனம் அவர்கள்மீது வைத்த கரிசனமாகவும் இருந்திருக்கலாம். எனக்கு அந்த மௌனம்தான் பிரச்சினையாகப் பட்டது. ஒரு பெண்பிள்ளை தொழில்நுட்பத்தில் கைவைத்து, அது சரியாக வராமல் போனால், அதைப் பற்றிப் பேசுவதற்கு நம்மிடம் ஒரு மொழியே இல்லை. ஜெயித்தால் மாலை, தோற்றால் "பாவம், விடு." இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய நிலம் இருக்கிறது. கற்றுக்கொள்வது என்பது முழுக்க அந்த நிலத்தில்தான் நடக்கிறது.

அந்த நிலத்தை நான் கிட்டத்தில் பார்த்தது வேறொரு இடத்தில். நான் இயற்பியல் பாடம் நடத்துகிறவள். எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் ரோபோடிக்ஸ் அணி ஒன்று ஆரம்பித்தார்கள். சனிக்கிழமைகளில் வந்து உதவ முடியுமா என்று கேட்டார்கள், போனேன். ஒரு சீசன் முழுக்க, அதாவது ஜூலை முதல் ஜனவரியில் ஒரு போட்டிவரை, உடனிருந்தேன். எட்டுப் பிள்ளைகள், அதில் மூன்று பேர் பெண்கள். ஆர்டுயினோ போர்டு, நான்கு மோட்டார், இரண்டு மோட்டார் டிரைவர், ஒரு லித்தியம் பேட்டரி, பந்தைப் பிடித்துத் தூக்கிப்போட ஒரு கை. பணக்காரப் பள்ளிகளோடு ஒப்பிட்டால் ஏழை அணி. திருமங்கலத்துப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் வசதியான அணி.

மூன்றாவது சனிக்கிழமைக்குள் வேலை பிரிந்துவிட்டது. யாரும் உட்கார்ந்து பிரிக்கவில்லை. பையன்கள் மோட்டாரைக் கழற்றி மாட்டினார்கள், சால்டரிங் ராடைப் பிடித்தார்கள், ரிமோட்டை வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். பெண்பிள்ளைகள் மூவரில் ஒருத்தி குறிப்பேடு எழுதினாள். இந்த மாதிரிப் போட்டிகளில் அணி என்ன செய்தது, எதனால் செய்தது என்று தேதிவாரியாக எழுதிய நோட்டு ஒன்றைக் காட்டவேண்டும், அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. இன்னொருத்தி போஸ்டர் வரைந்தாள். மூன்றாமவள் நடுவர்கள்முன் ஆங்கிலத்தில் பேசுவதற்குத் தயாரானாள். மூன்று வேலையும் சின்ன வேலை இல்லை. ஆனால் அந்த மூன்றிலும் ஒரு பொது அம்சம் இருந்தது. அவற்றில் எதிலும் எதையும் உடைக்க முடியாது.

பிரிவினையைக் கவனித்துப் பொறுப்பாசிரியரிடம் கேட்டேன். நல்ல மனிதர், பிள்ளைகள்மேல் அக்கறை உள்ளவர். "அவங்க கையெழுத்து நல்லாருக்கும் மேடம்" என்றார். உண்மைதான், நன்றாகத்தான் இருந்தது.

அக்டோபரில் ஒரு நாள் குறிப்பேடு எழுதுகிற பிள்ளை மோட்டார் டிரைவருக்கு வயர் கொடுத்தாள். பேட்டரியின் பிளஸ்ஸும் மைனஸும் மாறிப்போயின. ஒரு நொடியில் அந்தக் கறுப்புச் சிப்பிலிருந்து புகை. எலெக்ட்ரானிக்ஸ் பக்கம் போனவர்களுக்கு அந்த வாசனை தெரியும், ரெண்டு நாளைக்கு அறையை விட்டுப் போகாது. போர்டின் விலை 200 ரூபாய்க்குள். யாரும் அவளைத் திட்டவில்லை. அவளும் அழவில்லை. கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு மேஜையின் அந்தப் பக்கம் போய், குறிப்பேட்டைத் திறந்து, "மோட்டார் டிரைவர் ஒன்று பழுதானது" என்று நல்ல கையெழுத்தில் எழுதினாள். அதற்குப் பிறகு அந்த சீசனில் அவள் வயரைத் தொடவே இல்லை.

அதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு பையன் இதே மாதிரி இரண்டு போர்டுகளைப் புகைத்திருந்தான். அவனுக்கு "ஊதுபத்தி" என்று பட்டப்பெயர் கிடைத்தது. அந்தப் பெயரோடு அவன் மூன்றாவது போர்டை எடுத்து மாட்டினான். போட்டிக்கு வண்டியின் வயரிங் முழுக்க அவன் பொறுப்பில்தான் இருந்தது. அணியில் அவனைவிட நன்றாக வயரிங் தெரிந்தவர் இல்லை. ஏன் இருக்கப்போகிறார்கள்? இரண்டு போர்டு செலவழித்துப் படித்த படிப்பு அது.

அவன் செய்த தவறு ஒரு சம்பவம். அவள் செய்தது ஒரு சான்று. அவனுடையது அந்தச் சனிக்கிழமையோடு முடிந்தது. அவளுடையது அவளைப் பற்றிய முடிவாகி, அதை அவளே முதலில் ஏற்றுக்கொண்டாள். வெளியிலிருந்து யாரும் தடுக்கவில்லை என்பதுதான் இதில் கடினமான பகுதி. தடுத்திருந்தால் சண்டை போட ஓர் ஆள் இருந்திருப்பார்.

ஐரிஸ் மரியன் யங் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1980இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பெண்பிள்ளை மாதிரி எறிவது என்பதுதான் தலைப்பு. பந்தை எறியும்போது பையன்கள் உடம்பு முழுவதையும் அந்த எறிதலுக்குக் கொடுக்கிறார்கள், பெண்பிள்ளைகள் கையை மட்டும் கொடுக்கிறார்கள் என்கிற பழைய கவனிப்பை எடுத்துக்கொண்டு, அதற்குக் காரணம் எலும்பிலும் தசையிலும் இல்லை என்று வாதிடுகிறார். தன் உடம்பைச் செயல்படும் ஒன்றாகவும், அதே நேரம் பிறர் பார்வையில் இருக்கும் ஒன்றாகவும் உணரப் பழக்கப்பட்டவள், "என்னால் முடியும்" என்று ஆரம்பிக்கும்போதே "என்னால் முடியாது" என்பதையும் சேர்த்தே ஆரம்பிக்கிறாள் என்பது அவர் சொல்வதன் சாரம். அந்தப் பிள்ளை ஸ்க்ரூடிரைவரைப் பிடித்த விதம் எனக்கு அந்தக் கட்டுரையை ஞாபகப்படுத்தியது. மணிக்கட்டு மட்டும் திரும்பியது. தோளிலிருந்து ஓர் அழுத்தம் வந்திருந்தால் அந்தத் திருகாணி கழன்றிருக்கும்.

ஆனால் யங்கின் வாதத்தை அப்படியே பசுமலைக்கு இறக்க முடியாது. எங்கள் பகுதியில் கட்டட வேலை நடக்கிற எந்த இடத்துக்கும் காலை எட்டரை மணிக்குப் போய்ப் பாருங்கள். கலவைச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சாரத்தில் ஏறுகிற சித்தாள் பெண்ணிடம் உடம்பைக் கொடுக்கத் தெரியவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? கீழேயிருந்து ஒருத்தி செங்கல்லை வீசுகிறாள், மேலே இருப்பவள் பிடிக்கிறாள். அந்த எறிதலில் ஒரு தயக்கமும் இல்லை. கூச்சத்தோடு எறியும் பெண்ணுடல் என்பது ஓரளவுக்கு நடுத்தர வர்க்கத்து உடல், நம் ஊரில் சாதியும் அதில் சேரும். வீட்டுக்குள் பொத்திவைக்கப்பட்ட உடல் ஒன்று. பொத்திவைக்க வழியில்லாமல் வெயிலில் விடப்பட்ட உடல் இன்னொன்று.

ஆனாலும் அந்தச் சித்தாள் முப்பது வருடம் கழித்தும் சித்தாள்தான். அவளோடு அதே நாளில் வேலைக்கு வந்த பையன் நாலைந்து வருடத்தில் கொத்தனார் ஆகிவிடுகிறான், கூலியும் ஏறிவிடுகிறது. சுமையில் பாதிக்கு மேல் அவள் சுமக்கிறாள். கரணை மட்டும் அவள் கைக்கு வருவதில்லை. எங்கள் பகுதியில் கரணை பிடித்த பெண்ணை நான் பார்த்ததில்லை. கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்களுக்குக் கொத்து வேலை கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், அவர்கள் வீடு கட்டுகிறார்கள். ஆக, திறமையோ பலமோ காரணமில்லை.

வேறென்ன காரணம்? கரணை பிடித்துப் பழகுகிற பையன் முதலில் கட்டுகிற சுவர் கோணலாகத்தான் வரும். மேஸ்திரி தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, நாலு கெட்டவார்த்தை சொல்லி, இடிக்கச் சொல்வார். இடித்துவிட்டு மறுபடி கட்டுவான். அந்தக் கோணல் சுவருக்கான சிமெண்டும் மணலும் அரை நாள் கூலியும் யாரோ ஒருவர் அவன்மேல் போடுகிற முதலீடு. சுமை தூக்குவதில் இந்த முதலீடு தேவையில்லை, ஏனென்றால் அதில் தவறு செய்ய இடமே இல்லை. கருவியைக் கையில் கொடுப்பது என்றால் தவறு செய்ய அனுமதி கொடுப்பது. அந்த அனுமதியைத்தான் பெண்ணுக்குத் தருவதில்லை. சாரத்தில் சித்தாளுக்கும் ஆய்வகத்தில் குறிப்பேட்டுப் பிள்ளைக்கும் இருக்கும் தூரம் பெரியது, கூலியில், சாதியில், வெயிலில். ஆனால் இந்த ஓரிடத்தில் இருவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

இதைச் சொன்னால் உடனே வருகிற பதில் எனக்குத் தெரியும். தோல்விதானே வெற்றிக்கு முதல் படி, தைரியமாகத் தோற்கச் சொல்லுங்கள் என்பார்கள். பள்ளிக்கூடச் சுவரிலெல்லாம் எழுதிப்போட்டிருக்கிறார்கள். இப்போது கம்பெனி நடத்துகிறவர்களும் சீக்கிரம் தோற்றுச் சீக்கிரம் கற்றுக்கொள் என்று மேடையில் பேசுகிறார்கள். இந்தப் பேச்சின்மேல் எனக்கு எரிச்சல் உண்டு. படிக்கு யார் காசு கொடுப்பது என்று இவர்கள் கேட்பதில்லை. விழுந்தால் பிடிக்க ஆள் இருப்பவனுக்கு அது நல்ல அறிவுரை. மற்றவர்களுக்கு அது, வெறும் காலோடு நிற்கிறவனிடம் முள்ளில் நடந்தால் பாதம் உறுதியாகும் என்று சொல்வது மாதிரி. தோல்வி மனசைப் பற்றிய விஷயம் என்று ஆக்கிவிட்டால், அது பங்கீட்டைப் பற்றிய விஷயம் என்பது மறைந்துபோகும். ஒரு சமூகத்தில் தவறு செய்வதற்கான செலவை யாருக்காக யார் ஏற்கிறார்கள்? இது நீதியைப் பற்றிய கேள்வி. தன்னம்பிக்கை வகுப்பு இதற்குப் பதிலாகாது.

பெண்பிள்ளைக்கு அந்தச் செலவு போர்டின் 200 ரூபாயோடு நிற்பதில்லை. சனிக்கிழமை அணிக்கு வர ஒவ்வொருத்தியும் வீட்டில் ஒரு பேரம் நடத்தியிருக்கிறாள், பெரும்பாலும் அம்மா மூலமாக. போட்டியில் ஜெயித்தால் சர்டிபிகேட் வரும், காலேஜில் சீட்டுக்கு உதவும், ஆறு மணிக்குள் வந்துவிடுவாள், கூட மிஸ் இருக்கிறார். இப்படி நாலு வாக்குறுதி. அனுமதி என்பது வெற்றியை அடகு வைத்து வாங்கிய கடன். பையனுக்கு இந்தக் கடன் கிடையாது. அவன் சனிக்கிழமை எங்கே போகிறான் என்பதே பல வீடுகளில் கேள்வியாக எழுவதில்லை. அதனால் அணி தோற்றால் அவனுக்கு ஒரு போட்டி போச்சு. அவளுக்கு, கடன் திருப்ப முடியாதவளாக வீட்டுக்குப் போகவேண்டியிருக்கிறது. எங்கள் அணி ஜனவரிப் போட்டியில் முதல் சுற்றிலேயே வெளியேறியது. திரும்பி வரும்போது வேனில் பையன்கள் பாட்டுப் போட்டார்கள். பெண்பிள்ளைகள் வீட்டுக்குப் போன் செய்து என்ன சொல்வது என்று மெதுவாகப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

இந்த இடத்தில் ஆகஸ்ட் 7ஆம் தேதி ராக்கெட்டுக்கு என்ன ஆயிற்று என்பதைப் பார்க்கவேண்டும். இஸ்ரோ பின்னால் வெளியிட்ட காரணம் இது. இரண்டாம் அடுக்கு பிரியும்போது மிகக் குறைந்த நேரத்துக்கு ஓர் அதிர்வு வந்தது. ராக்கெட்டின் வேகமாற்றத்தை அளக்கிற உணரிகள் அந்த அதிர்வில் குலுங்கின. பழுதைக் கண்டுபிடிப்பதற்காக வைத்திருந்த மென்பொருள் இதைப் பார்த்து, உணரிகள் பழுதாகிவிட்டன என்று முடிவு செய்துவிட்டது. உண்மையில் உணரிகள் கெட்டுப்போகவில்லை. பழுது என்று அறிவிக்கப்பட்டுவிட்டதால் ராக்கெட் அவற்றின் பேச்சைக் கேட்காமல், முன்பே எழுதிவைத்த மாற்றுவழியில் போனது. கடைசியில் தேவையான வேகத்தில் கொஞ்சம் குறைந்தது. சுற்றுப்பாதைக்கு அந்தக் கொஞ்சம் போதும்.

இதை உவமையாக்கி நீட்ட எனக்கு விருப்பமில்லை, படிக்கிறவர்களுக்கே தோன்றும். நான் கவனித்தது அடுத்து நடந்ததை. ராக்கெட் செய்வது நமக்கு ஒத்துவராது என்று யாரும் சொல்லவில்லை. இரண்டாம் அடுக்கு பிரியும் முறையை மாற்றினார்கள். பழுது என்று தீர்ப்புச் சொல்கிற அந்தத் தர்க்கத்தைத் திருத்தினார்கள். ஆறு மாதம் கழித்து, 2023 பிப்ரவரி 10 அன்று, அதே காலை 9.18 மணிக்கு இரண்டாவது எஸ்.எஸ்.எல்.வி. கிளம்பி 450 கிலோமீட்டர் வட்டப்பாதையில் மூன்று செயற்கைக்கோள்களைச் சேர்த்தது. மூன்றில் ஒன்று ஆசாதிசாட்-2. ஸ்பேஸ் கிட்ஸ் மறுபடியும் செய்திருந்தார்கள், மாணவிகளோடு. நாட்டின் முதல் எஸ்.எல்.வி. 1979 ஆகஸ்ட் 10 அன்று வங்கக்கடலில் விழுந்து, 1980 ஜூலை 18 அன்று ஜெயித்தது. 1993இல் முதல் பி.எஸ்.எல்.வி.யும் விழுந்ததுதான், பிறகு அது எத்தனை முறை பறந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

1979 தோல்வியின்போது சதீஷ் தவான் பத்திரிகையாளர்களின் முன்னால் தானே போய் நின்று பொறுப்பை ஏற்றார், அடுத்த ஆண்டு வெற்றியின்போது அப்துல் கலாமைப் பேச அனுப்பினார் என்று கலாமே பலமுறை சொல்லியிருக்கிறார். தமிழ்நாட்டில் இந்தக் கதையைக் கேட்காத பள்ளிப் பிள்ளை இருக்க முடியாது, ஆண்டுவிழாவுக்கு ஆண்டுவிழா சொல்வார்கள். கலாமைப் போல் ஆகுங்கள் என்று முடிப்பார்கள். தவானைப் போல் ஆகுங்கள் என்று தலைமையாசிரியர்களையும் அப்பாக்களையும் பார்த்து ஒருவரும் முடித்து நான் கேட்டதில்லை. அந்தக் கதையில் வேலை செய்திருப்பதே தவான்தான். பிறர் செய்யும் தவறின் செலவைத் தன் கணக்கில் எழுதிக்கொண்ட ஆள் அவர். ராக்கெட்டுக்கு இரண்டாவது முறை கிடைத்தது தானாக நடந்ததில்லை, ஒரு நிறுவனமே அதற்குப் பின்னால் நின்றது.

ஆறு மாதம் என்பது ராக்கெட்டுக்குக் குறைந்த காலம். பள்ளிப் பிள்ளைக்கு அப்படியில்லை. ஆகஸ்டில் பிளஸ் டூவில் இருந்தவளுக்கு பிப்ரவரி என்றால் செய்முறைத் தேர்வும் பொதுத் தேர்வும் தலைக்கு மேல். அதற்கு அடுத்து கல்லூரி, அல்லது வேலை, அல்லது மாப்பிள்ளை. பெண்ணின் காலம் மிக இறுக்கமாக வெட்டித் தைக்கப்பட்டது. இரண்டாவது முறைக்கென்று அதில் மடித்துத் தைத்த துணி எதுவும் விட்டுவைக்கப்படுவதில்லை. எங்கள் ஊரின் வரலாற்றையே எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்கன் கல்லூரி 1881இல் பசுமலையில்தான் தொடங்கியது, பிறகு மதுரைக்குள் போனது. பெண்களுக்கென்று லேடி டோக் கல்லூரியை கேட்டி வில்காக்ஸ் தொடங்கியது 1948இல். நடுவில் 67 ஆண்டுகள். அத்தனை தலைமுறை பையன்கள் இந்த மலையடிவாரத்திலும் நகரத்திலும் பரீட்சையில் தோற்று, மறுபடி எழுதித் தேறியிருப்பார்கள். தோற்பதற்குக்கூட முதலில் உள்ளே விட்டிருக்கவேண்டும்.

இன்னொரு பக்கம் பாராட்டைப் பற்றியும் சொல்லவேண்டும், அது திட்டுவதைவிட நுட்பமாக வேலை செய்கிறது. 2017 ஜூலையில் வாஷிங்டனில் ஃபர்ஸ்ட் குளோபல் என்ற உலக மாணவர் ரோபோ போட்டி முதல்முறையாக நடந்தது. ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரத்திலிருந்து ஆறு பெண்பிள்ளைகள் அணியாக விண்ணப்பித்தார்கள். விசா இரண்டு முறை மறுக்கப்பட்டது. உலகம் முழுக்கச் செய்தியான பிறகு, கடைசி நேரத்தில் அமெரிக்க அதிபரின் தலையீட்டால் கிடைத்தது. சுத்தமான நீரையும் அசுத்த நீரையும் குறிக்கும் இரண்டு நிறப் பந்துகளைப் பிரித்துப்போடுகிற வண்டி செய்யவேண்டும் என்பது போட்டி. அவர்களுடைய உதிரிபாகப் பெட்டி சுங்கத்தில் மாட்டித் தாமதமாகத்தான் வந்தது. போட்டி முடிவில் அவர்களுக்கு வெள்ளிப் பதக்கம் கொடுத்தார்கள், துணிச்சலுக்காக.

துணிச்சல் இருந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பதக்கத்தை வாங்கிய பிள்ளையின் இடத்தில் இருந்து யோசித்தால் கொஞ்சம் உறுத்துகிறது. என் வண்டி எப்படி இருந்தது என்று யாரும் சொல்லவில்லையே? கியர் எங்கே வழுக்கியது, பந்து எங்கே மாட்டிக்கொண்டது, அடுத்த முறை எதை மாற்றலாம்? தவற்றைச் சொல்லித் திருத்துவதும் ஒரு மரியாதைதான். சக தொழில்காரனுக்குத் தருகிற மரியாதை. பெண்பிள்ளையை வாழ்த்திவிட்டு அவள் செய்த பொருளைப் பார்க்காமல் விடுவது, அவள் எழுதியதைப் படிக்காமல் கையெழுத்தைப் பாராட்டுவது மாதிரி. ஆசாதிசாட் விஷயத்திலும் இதே சிக்கல் இருந்தது. 50 கிராம் போர்டில் அந்தப் பிள்ளைகள் செய்தது சிறிய வேலை. "செயற்கைக்கோள் செய்த மாணவிகள்" என்று ஊதிச் சொன்னதால், அந்தச் சிறிய வேலை என்ன, அதில் எது கஷ்டமாக இருந்தது என்று கேட்கிற வாய்ப்பு போய்விட்டது. சிறிய வேலையைச் சிறிய வேலை என்று சொல்லி, அதைச் சரியாகப் பார்த்திருந்தால் அது பெரிய விஷயமாக இருந்திருக்கும்.

ஹெராத் அணி நிற்கவில்லை. கொரோனா காலத்தில், 2020இல், பழைய டொயோட்டா கொரோலா காரின் பாகங்களை வைத்துக் குறைந்த செலவில் வென்டிலேட்டர் மாதிரி ஒன்றைச் செய்தார்கள். முதல் சீசனில் பந்து பிரித்தவர்களின் வழியில் வந்த வேலை அது, பதக்கத்தைவிட எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. 2021 ஆகஸ்டில் தாலிபான் ஆட்சி வந்தது; அணியில் பலர் கத்தாருக்கும் மெக்சிகோவுக்கும் போகவேண்டியிருந்தது. ஊரில் தங்கிவிட்ட அவர்கள் வயதுப் பிள்ளைகளுக்கு மேல்நிலைப் பள்ளிக் கதவே அடைபட்டது. அங்கே சீசனை முடித்துவைத்தது ஓர் ஆணை. இங்கே அப்படி ஆணை எதுவும் தேவைப்படுவதில்லை. ஒரு போர்டு புகைந்தால் போதும், பிள்ளை தானே மேஜையின் அந்தப் பக்கம் போய்விடுகிறாள்.

எதிர்வாதம் ஒன்றுக்குப் பதில் சொல்லவேண்டும். பொருள் குறைவாக இருக்கிற இடத்தில் உடைக்கும் உரிமை என்று பேசுவது ஆடம்பரம் இல்லையா என்று அந்தப் பொறுப்பாசிரியரே கேட்டார். நியாயமான கேள்வி. 2016இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில் தேர்வாகிற பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை தருகிறார்கள். அது கிடைக்காத பள்ளிகள்தான் அதிகம். எட்டுப் பேருக்கு நான்கு மோட்டார் டிரைவர் இருக்கும்போது ஒருத்தி இரண்டைப் புகைத்தால் மற்றவர்களுக்கு என்ன மிஞ்சும்? என் பதில் இதுதான்: பொருள் குறைவாக இருக்கும்போதும் உடைபடத்தான் செய்கிறது. எங்கள் அணியிலும் அந்த சீசனில் நான்கு போர்டுகள் போயின. மூன்று ஒரே பிரிவினரின் கையில் போயின, நாலாவது ஒருத்தியின் கையில். ஆக, செலவு நடந்துகொண்டுதான் இருக்கிறது. பங்கு பிரிப்பதில்தான் வழக்கு.

இரண்டாவது வருடம் அணியில் ஒரு விதி வந்தது. வந்தது என்றால், பெரிய விவாதத்துக்குப் பிறகு. இந்த வாரம் வயரிங் செய்பவர் அடுத்த வாரம் குறிப்பேடு எழுதவேண்டும். வண்டி ஓட்டுபவரும் முறை வைத்து மாறவேண்டும். ஊதுபத்திக்கு இதில் கடும் ஆட்சேபம். அவன் எழுதிய முதல் குறிப்பு ஒரே வரிதான்: "இன்று வேலை நடந்தது." அடுத்து என்ன எழுதுவது என்று தெரியாமல் பழைய குறிப்பேட்டைப் புரட்டினான். அக்டோபர் பக்கத்தில் மோட்டார் டிரைவர் பழுதான குறிப்பு இருந்தது. அதற்குக் கீழே, எந்த வயர் எந்த முனையில் மாறியது என்று சின்னதாக ஒரு படமும் போட்டிருந்தாள். அவனுடைய இரண்டு போர்டுகளைப் பற்றிக் குறிப்பேட்டில் ஒரு வார்த்தை இல்லை. "என்னது மட்டும் ஏன் எழுதல?" என்று அவளிடம் கேட்டான். "நீ எழுதச் சொல்லலையே" என்றாள்.

மூன்று பெண்பிள்ளைகளில் இருவர்தான் இரண்டாவது வருடம் வந்தார்கள். ஆங்கிலத்தில் பேசியவள் வரவில்லை. வீட்டில் ஒரு முறை போதும் என்று சொல்லிவிட்டார்கள். புதிதாக இரண்டு பேர் சேர்ந்தார்கள்.

இப்போது நடந்துகொண்டிருப்பது இருப்புப் பதிவேடு பற்றிய வழக்கு. பள்ளி ஆய்வகத்தில் இரண்டு வகைப் பதிவேடு உண்டு. அமிலம், லிட்மஸ் தாள், மெழுகுவத்தி இவையெல்லாம் தீர்ந்துபோகும் பொருள் கணக்கில் வரும். தீர்ந்தால் ஏன் தீர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. தராசும் நுண்ணோக்கியும் நிலைப்பொருள் கணக்கு. உடைந்தால் யார் உடைத்தது என்று விளக்கம் எழுதவேண்டும், தணிக்கைக்குப் பதில் சொல்லவேண்டும். மோட்டார் டிரைவர், சென்சார் எல்லாவற்றையும் முதல் வருடம் நிலைப்பொருளில் ஏற்றிவிட்டார்கள். அதனால்தான் பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கவேண்டியிருக்கிறது. அவற்றைத் தீர்ந்துபோகும் பொருள் பக்கத்துக்கு மாற்றுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். தலைமையாசிரியர் 200 ரூபாய்க்குக் கீழே உள்ளவற்றுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பேட்டரிக்கும் சால்டரிங் ராடுக்கும் இன்னும் போடவில்லை. அடுத்த சனிக்கிழமை மறுபடியும் போய்ப் பேசவேண்டும். குறிப்பேட்டுப் பிள்ளை தானும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறாள், போன வருடம் எது எது எத்தனை போனது என்கிற முழுக் கணக்கும் அவளிடம்தான் இருக்கிறது.